உன் இஷ்டம் என்று நான் சொன்னது

கண்ணு,

உன் கடிதம் நேற்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு பார்க்க வந்த கல்லூரிக் கூட்டம் ஒன்று நம் மெஸ்ஸில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்து ரசத்துக்குக் கத்திக்கொண்டிருந்தது. தபால்காரர் கல்லாப்பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனதைக் கரண்டி பிடித்த கையாலேயே பிரித்தேன். ஓரத்தில் குழம்புக் கறை பட்டுவிட்டது, மன்னித்துவிடு. படித்து முடித்ததும் கரண்டியைப் பரிமாறுகிற ராஜாமணியிடம் கொடுத்துவிட்டு மாடி அறைக்குப் போய்க் கட்டில்மேல் உட்கார்ந்துகொண்டேன். கீழே ரசம் கேட்டவர்களுக்கு ரசம் கிடைத்ததா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஸ்பெயினில், வலென்சியாவில் கொடுப்பதாகச் சொன்ன வேலைக்குப் போகவில்லை என்று உன் காப்பிக் கம்பெனியில் சொல்லிவிடப் போகிறாய். அப்பா போனபிறகு என்னைத் தனியாக விட்டுவிட்டு அவ்வளவு தூரம் போக உனக்கு மனசில்லை. ஸ்பானிஷ் வகுப்பையும் நிறுத்திவிடப் போகிறாய். ‘நீயும் இதைத்தான் நினைக்கிறாய், உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன் அம்மா’ என்று எழுதியிருக்கிறாய். கடைசியில், போகிறபோக்கில் ஒரு வரி: ‘போன வாரம் வகுப்பில் சம்மதத்தையும் மறுப்பையும் மரியாதையாகச் சொல்வது எப்படி என்று பாடம். கார்மென் ஆன்ட்டி அடுக்களையில் உனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான் எல்லாம்.’ அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். பாடத்தைச் சொல்லிக் கொடுத்தவள் எங்கோ இருக்கிறாள். கற்றுக்கொண்டவள் இங்கே உட்கார்ந்து எல்லாவற்றையும் மறந்துபோய் உன்னிடம் ‘உன் இஷ்டம் கண்ணு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது நீ வலென்சியா வேலையைப் பற்றிச் சொன்ன விதம் ஞாபகம் இருக்கிறதா? சாப்பிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாய். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, ‘உன் இஷ்டம்’ என்றேன். நீ தட்டைக் கழுவி வைத்தாய். மறுநாள் முதல் பஸ்ஸுக்கே பெங்களூர் போய்விட்டாய். நம் வீட்டில் உன் இஷ்டம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வேண்டாம் என்றுதான் அர்த்தம். என் முகத்தை நீ சரியாகத்தான் படித்திருக்கிறாய். காப்பி ருசி பார்க்கிற நாக்கு உன் அப்பா கொடுத்தது, முகம் பார்க்கிற கண் நான் கொடுத்தது, இரண்டிலும் நீ தப்பு செய்வதில்லை. ஆனால் அந்த முகம் சொன்னதை நான் இப்போது ஏற்றுக்கொள்ளவில்லை. அது ஏன் என்று சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படி.

கார்மென் நம் வீட்டுக்கு வந்தபோது நீ எட்டாவது படித்துக்கொண்டிருந்தாய். அவளுடைய அக்கா இங்கே மலையில் கன்னியாஸ்திரீயாக இருந்தவர், முடியாமல் படுத்துவிட்டார். பார்த்துக்கொள்ள ஸ்பெயினிலிருந்து தங்கை கிளம்பி வந்தாள். மடத்தில் வெளியாட்கள் தங்க முடியாது என்பதால் நம் மாடி அறைக்குக் குடிவந்தாள். பகலெல்லாம் அக்காவோடு இருப்பாள். சாயங்காலம் மெஸ்ஸுக்கு வந்து மூலை பெஞ்சில் உட்கார்ந்து, சாம்பாரை விசில் அடிப்பது மாதிரி ஊதி ஊதிச் சாப்பிடுவாள். தமிழை ஒரு புத்தகத்தில் கொஞ்சமும் நம் அடுக்களையில் மீதியும் கற்றுக்கொண்டாள். அதனால் அவள் பேசும்போது பாதி வாக்கியம் வாத்தியார் மாதிரியும் பாதி நம் ராஜாமணி மாதிரியும் இருக்கும்.

நீல அறைக் கதையை நீ ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாய். ஆனால் நீ பள்ளிக்கூடம் போயிருந்ததால் பாதிதான் உனக்குத் தெரியும். வந்த புதிதில் ஒருநாள் உன் அப்பாவிடம், அறைச் சுவருக்கு நீலப் பெயின்ட் அடிக்கலாமா என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு நீலம் பிடிக்காது, அது பல்பொடி டப்பா நிறம் என்பார். இருந்தாலும் வீடு தேடி வந்த பெண்ணிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? “பாக்கலாமுங்க” என்றார். நம் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அதற்கு அர்த்தம் தெரியும். துணிக்கடையில் சேலை பிடிக்கவில்லையா, பாக்கலாமுங்க. பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பிடிக்கவில்லையா, ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க. கேட்டவரும் புரிந்துகொண்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார். யார் முகமும் வாடாது. கார்மெனுக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள்? மறுநாள் சாயங்கால பஸ்ஸில் சேலத்திலிருந்து பெயின்ட் டப்பாக்களோடும் பிரஷ்ஷோடும் வந்து இறங்கினாள்.

உன் அப்பா மாடிப்படியில் பாதிவரை ஏறுவார், இறங்குவார். மேலே அவள் பாட்டுப் பாடிக்கொண்டே சுவருக்கு நீலம் அடித்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மேலே போய், தாம் வேண்டாம் என்றல்லவா சொன்னோம் என்று கேட்டாராம். பாக்கலாம் என்றுதானே சொன்னீர்கள் என்று அவள் கேட்டிருக்கிறாள். “அதையேதானுங்க நானும் சொல்றேன்” என்றாராம் உன் அப்பா. இறங்கி வந்தவருடைய சட்டையில் ஒரு நீலச் சொட்டு இருந்தது. 

நான்தான் கார்மெனை உட்காரவைத்து விளக்கினேன். அவள் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். அதுவரை நம்மிடம் அவள் கேட்டதும் நாம் ‘ஆகட்டும்’ என்றதும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்திருக்கிறது. அவற்றில் எத்தனை ஆகட்டும், எத்தனை ஆகாது என்று தெரியாமல் நம் தலைமேல் ஏறி மிதித்துக்கொண்டிருந்ததாக நினைத்துவிட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, “அக்கா, என்கிட்ட மட்டும் இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. எனக்குக் கோபம் வராது. தெரியாம இருந்தாத்தான் கஷ்டம்” என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நாம் மரியாதை என்று நினைத்து மூடி வைத்தது அவளுக்கு இருட்டாக இருந்திருக்கிறது.

அவள் மறுக்கிற விதத்தை நீயும் பார்த்திருக்கிறாய். உன் அப்பா காப்பியில் சிக்கரி கலப்பதைப் பற்றி மெஸ்ஸில் எல்லோர் முன்னாலும் சொன்னாளே, அன்றைக்கு நீயும் இருந்தாய். பால் நன்றாக இருக்கிறது என்றாள், கொட்டை நம் மலைக்கொட்டை, வாசனையே தனி என்றாள். அப்புறம், “ஆனா அண்ணா, சிக்கரி வேணுங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன்” என்றாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். இனி இவள் இந்த வாசலை மிதிக்கமாட்டாள் என்று நானே நினைத்தேன். அவளோ டம்ளரை நீட்டி இன்னொரு காப்பி கேட்டாள். உன் அப்பா கோபப்படுவதா ஊற்றுவதா என்று தெரியாமல் ஊற்றிவிட்டார். கொஞ்ச நாளில் சிக்கரி சத்தமில்லாமல் குறைந்துவிட்டது. ருசி பார்த்துச் சொல்வதையே ஒரு வேலையாகச் செய்யலாம் என்று உனக்குத் தோன்றியது அந்தக் காப்பியில்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டே அவளிடம் கேட்டேன், அதை எப்படிச் செய்கிறாய் என்று. அவள் அதைப் பெரிய வித்தையாகவே நினைக்கவில்லை. அவர்கள் ஊரில் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுக்காவிட்டால் கேட்கவேயில்லை என்று நினைத்துக்கொள்வார்களாம். ஆனால் மறுப்பதற்கும் ஒரு நடை உண்டு. எடுத்ததும் இல்லை என்று முகத்தில் அடிக்கக்கூடாது. எதிராளி சொன்னதில் எது சரியோ அதை முதலில் எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். ‘தியேனெஸ் ரசோன்’, நீ சொல்வது நியாயம். அப்புறம் ஒரு ‘பெரோ’. அது நம் ‘ஆனால்’. அதற்குப்பிறகு ‘நோ லோ வேயோ அசீ’, நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. நீ தப்பு என்று சொல்வதில்லை பார், என் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிகிறது என்று மட்டும். ஒத்துப்போனால் முழு மனதோடு ‘எஸ்தோய் தே அக்குவெர்தோ’, எனக்குச் சம்மதம். பெரியவர்களிடம் நீ என்கிற ‘தூ’ போடாமல் ‘உஸ்தெத்’ போட வேண்டும், அவர்களாகச் சொல்லும்வரை நீங்கள்தான். இதெல்லாம் உன் வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் பேசும்போது எதிராளியின் முழங்கையை லேசாகத் தொட வேண்டும் என்று சொன்னார்களா? கார்மென் தொடுவாள். மறுத்து முடித்ததும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், எழுந்து போய்விடக் கூடாது என்பாள். எழுந்துபோனால்தான் அது சண்டை.

என்னைப் பழக்கவென்று தினமும் ஏதாவது கேட்பாள். இந்த மழையில் சேலம் போகட்டுமா அக்கா, இந்தப் பாவாடை எனக்கு நன்றாக இருக்கிறதா அக்கா. நான் “உன் இஷ்டம்” என்பேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பாள், அடுப்பில் பருப்பு பொங்கினாலும் நகரமாட்டாள். நொந்துபோய் ஒருநாள், “நொம்ப நல்ல பாவாடைதான் சாமி, ஆனா உனக்கு நல்லா இல்லை” என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு ரகசியமும் சொன்னாள். அவள் சின்ன வயதில் சைக்கிள் கேட்டபோது அவளுடைய அம்மா ‘யா வெரேமோஸ்’ என்றாராம். அப்படியென்றால் பார்க்கலாம். சைக்கிள் வரவேயில்லை. ஆக, பெற்றவர்கள் விஷயத்தில் அவர்கள் ஊரும் நம் ஊரும் ஒன்றுதான் போலிருக்கிறது. அவளுடைய அக்கா தேறி எழுந்ததும் அவள் ஊருக்குப் போய்விட்டாள். நீ பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த சமயம் அது.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. நீ பிளஸ் டூ முடித்த கோடையில் அடிவாரத்திலிருந்து உன் அத்தை வந்தாரே, பை நிறைய முறுக்கோடு. நீ மாரமங்கலத்தில் உன் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாய். உன் அத்தை தம் பையனுக்கு உன்னைக் கேட்டார். முறைப்பையன், டயர் கடை நன்றாக ஓடுகிறது, குணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. உன் அப்பா, “ஆகட்டுங்க்கா” என்றார். அவருக்கு மனசில்லை என்று எனக்குத் தெரியும், நீ படிக்க வேண்டும் என்று அவருக்கு எவ்வளவு ஆசை. ஆனால் கூடப்பிறந்த அக்காவிடம் எப்படி மறுப்பார்? வழக்கப்படி நான் வாயைத் திறக்கவில்லை. உன் அத்தை வழக்கப்படிப் புரிந்துகொண்டிருந்தால் காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார். ஆனால் மகன் மேலிருந்த ஆசையில் ஆகட்டும் என்பதை அப்படியே ஆகட்டும் என்று எடுத்துக்கொண்டுவிட்டார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எப்படியும் மேலே வருவோம், அப்போதே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். போன மாதம் ஜாடையாகக் கேட்டபோதும் உன் அப்பா ஆகட்டும் என்றதால் அப்போதே பட்டுச்சேலை எடுத்துவிட்டாராம். உன் அப்பா சுவரைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். இரண்டு பேர் பேசாமல் இருப்பதால் உன் படிப்பு முடிந்துபோகப் போகிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நாத்தனார் என்ற பயத்தை விட்டு உன் அத்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கை தானாகவே அவர் முழங்கையைத் தொட்டது. “நங்கையா, நீங்க சொல்றது அத்தனையும் நியாயமுங்க. தம்பி மாதிரி ஒரு பையன் தேடினாலும் கெடைக்காது. நம்ம ஊட்டுப் புள்ளை உங்க ஊட்டுக்கு வர்றதுல எனக்கொரு பயமும் இல்லீங்க. ஆனா இதுல எனக்குச் சம்மதம் இல்லீங்க. புள்ளை படிக்கோணும்” என்றேன். சொல்லிவிட்டு எழுந்துபோகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். 

உன் அத்தை முறுக்குப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, “இத முன்னாடியே ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் சேலை எடுத்திருக்க மாட்டேனே” என்றார். கோபம்தான். அந்த வருஷம் திருவிழாவுக்கு வந்தவர் நம் வீட்டுப் பக்கம் திரும்பாமலேயே போனார். அதற்கடுத்த வருஷம் வந்தார். நீ கல்லூரிக்குக் கட்டிக்கொண்டு போக அந்தப் பட்டுச்சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார். ‘அத்தைக்குத் திடீரென்று என்ன பாசம்’ என்று என்னிடம் கேட்டாய், ஞாபகம் இருக்கும். இப்போதெல்லாம் சொந்தத்தில் யாருக்காவது ஒரு விஷயத்தில் நிஜமான பதில் வேண்டுமென்றால் உன் அத்தை என்னிடம்தான் அனுப்புகிறார். அன்றைக்கு அவர் போனபிறகு உன் அப்பா கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார். நான் காப்பி கொண்டுபோனேன். டம்ளரை வாங்கிக்கொண்டு, “எனக்கும் அதேதான்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு அந்த வார்த்தைதான் கண்ணு.

உன் அத்தை முன்னால் உனக்காக அதைச் சொன்னவள், உன்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை? பயம்தான், வேறென்ன. நீ வலென்சியா என்றதும் எனக்கு முதலில் தோன்றியது, எனக்கு ஏதாவது ஆனால் நீ வர எத்தனை நாள் ஆகும் என்பதுதான். உனக்கு ஏதாவது ஆனால் நான் எந்த பஸ் பிடித்து வருவது என்பது அதற்கப்புறம்தான் தோன்றியது. அந்த வரிசை எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினேன்.

இப்போது அடுப்பைப் பார்க்காமல் சொல்கிறேன். நீ எழுதியதில் நிறைய நியாயம் இருக்கிறது. அப்பா இல்லாத வீட்டில் நான் தனியாகத்தான் இருக்கிறேன். முழங்கால் வலிக்கிறது, மாடி ஏற நேரமாகிறது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் சேலத்துக்கும் எனக்கும் ஒட்டு இல்லை. நீ பெங்களூரில் இருந்தால் ஒரு ராத்திரிப் பயணத்தில் வந்துவிடுவாய், அதுவும் உண்மை. பெரோ, கண்ணு, நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. என்னைச் சாக்காக வைத்து நீ போகாமல் இருப்பதற்கு எனக்குச் சம்மதம் இல்லை. நீ ருசி பார்த்துச் சொல்கிற வேலையில் இருக்கிறவள். நன்றாக இல்லாத காப்பியை நன்றாக இல்லை என்று சொல்லத்தான் உனக்குச் சம்பளம். அங்கேயும் போய், துறைமுகத்தில் இறங்குகிற நம் மலைக்கொட்டையைக் குடித்துப் பார்த்து, பிடித்ததையும் பிடிக்காததையும் கார்மென் மாதிரிச் சொல்லிவிட்டு, டம்ளரை நீட்டி இன்னொரு காப்பி கேள். ராஜாமணி இருக்கிறாள், மெஸ் இருக்கிறது, அடிவாரத்தில் உன் அத்தை இருக்கிறார். அவருக்கு நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் மலைக்கு வந்து என்னோடு இருப்பதாகச் சொன்னார். வருவார் என்றால் வருவார், நாங்கள் இரண்டு பேரும் இப்போது அப்படித்தான் பேசிக்கொள்கிறோம்.

இதற்கு நீ ‘சரிம்மா’ என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிடாதே. சரி என்றால் எதற்குச் சரி என்று எழுது. நான் சொன்னதில் எது தப்பு என்று தோன்றுகிறதோ அதையும் எழுது, கோபம் வராது. வந்தாலும் எழுந்துபோக மாட்டேன். உனக்கே போக மனசில்லை என்றால், என் பெயரைச் சொல்லாமல் எனக்கு மனசில்லை அம்மா என்று எழுது, அதற்கு நான் எஸ்தோய் தே அக்குவெர்தோ. மாடி அறையில் ஜன்னலோரம் நீலம் உதிர்ந்து கிடக்கிறது. நீ திரும்பி வருவதற்குள் சுண்ணாம்பு அடிக்கலாமா, நீலமே அடிக்கலாமா என்பதற்கும் பதில் எழுது. பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

இன்னொன்று. கிளம்புகிற அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன். நீ ஏறி உட்கார்ந்ததும் நிச்சயம் அழுவேன், ஊரே பார்க்க அழுவேன், என்னால் அதை நிறுத்த முடியாது. ஜன்னல் வழியே என் முகத்தைப் படித்துவிட்டு இறங்கி வந்துவிடாதே சாமி. அது அழுகை மட்டும்தான். என் பதில் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

உன் அம்மா